ஸ்கைலர் வைட் பக்கம் நின்று பேசுகிறேன்: அவள் வாங்கியது அவகாசம்

நிலாமுற்றம் (இழை தொடங்கியவர்)

கடைசி எபிசோடு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தத் தொடரைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஸ்கைலரின் தலை உருள ஆரம்பித்துவிடும். நச்சரிக்கிறவள், புருஷனுக்குத் துரோகம் பண்ணினவள், காசைப் பார்த்ததும் கூட்டுச் சேர்ந்தவள். மூன்றையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் புருஷன் வால்ட், புற்றுநோய் வந்த பிறகு போதைமருந்து காய்ச்சப் போன கெமிஸ்ட்ரி வாத்தியார். அவன் விஷம் வைத்தான், கொன்றான், கொல்லவைத்தான். அவனுக்கு ரசிகர் கூட்டம். இவளுக்குத் திட்டு.

போன மாதம் 62 எபிசோடையும் மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். இந்தத் தடவை கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். ஸ்கைலர் ஒரு முடிவு எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் எழுதினேன். நாம் வால்ட்டோடு பாலைவனத்துக்குப் போகிறோம், ஆய்வுக்கூடத்துக்குப் போகிறோம், அவன் தனியாக அழுவதைப் பார்க்கிறோம். அவளுக்கு அது எதுவும் கிடையாது. அவளுக்குக் கிடைத்தது ராத்திரி லேட்டாக வரும் புருஷன், ஒட்டாத காரணங்கள், இரண்டாவது செல்போன்.

அந்த செல்போனை அவள் பிடித்த விதத்தை மட்டும் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்தில் கிடக்கிறான். செல்போனை எடுத்து வைத்தாயா என்று சாதாரணமாகக் கேட்கிறாள். "எந்த போன்?" என்கிறான். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொய்யாகச் சரிபார்க்கிறாள். தங்கை புருஷன் ஹாங்க் போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி. அவனுக்கே அந்த நேரத்தில் தெரியாததை இவள் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி கண்டுபிடித்துவிட்டாள்.

என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே ஒரு தகவல். வால்ட் சாகப்போகிறவன். எல்லாம் நல்லபடியாக நடந்தால் இன்னும் இரண்டு வருஷம் என்பதுதான் தொடக்கத்திலேயே கிடைத்த கணக்கு. நாம் கதையின் வேகத்தில் இதை மறந்துவிடுகிறோம். ஸ்கைலர் ஒரு நாள்கூட மறக்கவில்லை. அவள் எடுத்த அத்தனை முடிவும் அந்த ஒரு தகவலின் மேல்தான் நிற்கிறது. இவன் போய்விடுவான். இவன் செய்தது இவனோடு போகட்டும். மகன் காலமெல்லாம் போதைமருந்துக்காரன் பிள்ளையாக வாழ வேண்டாம்.

மூன்றாவது சீசனில் விவாகரத்து வக்கீலிடம் அவள் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான். தானாகவே முடியப்போகிற விஷயத்துக்காக நான் ஏன் என் குடும்பத்தை வெடிவைத்துத் தகர்க்கவேண்டும்? அந்தக் கேள்வியில் இருக்கிற தப்பு நமக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். தெரிந்திருக்காது.

ஸ்கைலர் வாங்கியது பணத்தை இல்லை, அவகாசத்தை. தவணை தவணையாக. ஒவ்வொரு தவணைக்கும் விலை ஏறிக்கொண்டே போனது. அவள் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தப்புகளுக்குள் ஒரு தாயின் கணக்கு இருந்தது, அதைப் படிக்காமலே தீர்ப்பு எழுதுகிறோம் என்கிறேன்.

---

கடைசிவரிசை

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா ஒத்துக்க முடியல. அவகாசம் வாங்கினான்னு சொல்றீங்க, சரி. யார் காசுல வாங்கினா? டெட் பெனகீ ஞாபகம் இருக்கா? அவ வேலை பார்த்த கம்பெனி முதலாளி. கள்ளக்கணக்கு எழுதினான், அதைப் பார்த்தும் கையெழுத்து போட்டா. அப்புறம் அவன்கூட உறவு. அதை வீட்டுக்கு வந்து புருஷன் முகத்துக்கு நேரா சொல்றா. அந்தக் காட்சியில அவ முகத்துல வருத்தமே கிடையாது.

புருஷன் கெட்டவன்னா விட்டுட்டுப் போகணும், இல்ல போலீஸ்கிட்ட சொல்லணும். ரெண்டும் செய்யாம உள்ளேயே இருந்துகிட்டு அவனைக் குத்திக் காயப்படுத்துறது என்ன நியாயம்?

---

நிலாமுற்றம்

@கடைசிவரிசை, போலீஸ்கிட்ட சொல்லணும் என்கிறீர்கள். அவள் போலீஸைக் கூப்பிட்டாளே. அதே எபிசோடில், டெட் வீட்டுக்குப் போவதற்கு முன்னால்.

வெளியே போ என்று சொன்ன பிறகும் வால்ட் வீட்டுக்குள் வந்து குடியேறிவிடுகிறான். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறாள். கூப்பிடு என்கிறான். நிஜமாகவே கூப்பிடுகிறாள். போலீஸ் வருகிறது. சட்டப்படி பிரிந்திருக்கிறீர்களா? இல்லை. அடித்தானா? இல்லை. அப்படியானால் அவன் வீட்டிலிருந்து அவனை நாங்கள் வெளியேற்ற முடியாது. இதற்குள் மகன் வந்துவிடுகிறான், அப்பாவைப் பார்த்த சந்தோஷம், அம்மா மேல் கோபம். வேறு ஏதாவது குற்றம் செய்திருக்கிறானா என்று அதிகாரி கேட்கும்போது அவள் சொல்லவேண்டிய ஒரு வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இல்லை என்று சொல்லிவிடுகிறாள்.

அந்த இல்லையைத்தான் வால்ட் எண்ணியிருந்தான். அவளுக்குப் பிள்ளை மேல் இருக்கிற பாசத்தைக் கதவில் ஆப்பாகச் சொருகி உள்ளே வந்தான்.

அதற்கப்புறம்தான் டெட். அந்த உறவை நான் காதல் என்று பார்க்கவில்லை. அவள் வீடு அவள் கையில் இல்லை, மகன் அவள் பக்கம் இல்லை, உண்மையை வாய்விட்டுச் சொல்ல முடியாது. இவனை இந்த வீட்டிலிருந்து துரத்த மிச்சம் இருந்தது அந்த ஒரு வழிதான் என்று நினைத்தாள். முகத்தில் வருத்தம் இல்லை என்கிறீர்கள். நான் பார்த்தபோது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக் களைத்துப்போன முகம். அது தப்புதான். ஆனால் அதைச் செய்தவள் எந்த மூலையில் நின்று செய்தாள் என்பதும் சேர்ந்தே வரவேண்டும்.

---

பேரேடு

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன், அதனால் எனக்கு ஸ்கைலரைப் பார்க்கும் கண்ணே வேறு.

கார் வாஷ் வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் சால் லேசர் விளையாட்டுக்கூடம் வாங்கச் சொல்கிறான். ஸ்கைலர் மறுக்கிறாள். ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் ஏன் திடீரென்று லேசர் விளையாட்டுக்கூடம் வாங்கவேண்டும்? கார் வாஷ் என்றால் அவன் முன்பு வேலை பார்த்த இடம், கதை பொருந்துகிறது. தொழில்ரீதியாகவும் அவள் சொன்னதுதான் சரி. பணமாக வந்து போகும் வியாபாரம், சரக்கு இருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, இன்றைக்கு எத்தனை கார் கழுவினாய் என்று பின்னால் யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது.

அதன் பிறகு வரும் ஒரு காட்சி எனக்கு மறக்காது. கல்லாவில் தனியாக நிற்கிறாள். எதிரே ஒரு ஆளும் இல்லை. வராத வாடிக்கையாளருக்கு ரசீது அடிக்கிறாள், அடித்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் வாழ்த்தை வெறும் காற்றைப் பார்த்துச் சொல்கிறாள். அந்தக் குரலில் இருந்த பணிவு! நல்ல கணக்குக்காரி ஒருத்தி தன் திறமை முழுவதையும் கள்ளக்கணக்குக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறாள்.

இழை தொடங்கியவர் சொன்ன அவகாசக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த வேலையில் அவளுக்கு ஒரு தேர்ச்சி வந்தது, தேர்ச்சியில் ஒரு நிமிர்வும் வந்தது. பழைய முதலாளி போக்டனிடம் பேரம் பேசி விலையைக் குறைக்கிற இடத்தில் அவள் கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடினால் நமக்கே தெரியும், நாம் பாதியைத்தான் சொல்கிறோம் என்று.

---

நிலாமுற்றம்

@பேரேடு, ஒத்துக்கொள்கிறேன். அந்த வெளிச்சத்தை நானும் நோட்டில் எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாள் கழித்து ஒரு விஷயம் அவள் சொன்னபடி நடக்கிறது. அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் உள்ளே போன வாசல் எது என்று பாருங்கள். ஹாங்க் சுடப்பட்டுப் படுக்கையில் கிடக்கிறான், திரும்ப நடப்பானா என்பதே சந்தேகம். நல்ல பிசியோதெரபிக்கு இன்சூரன்ஸ் பணம் தராது. தங்கை மரீ உடைந்துபோய் நிற்கிறாள். அப்போதுதான் ஸ்கைலர் வாயைத் திறந்து, வால்ட் சூதாட்டத்தில் ஜெயித்த பணம் இருக்கிறது என்று ஒரு முழுக்கதையைக் கட்டுகிறாள். வால்ட்டே அசந்துபோய்ப் பார்க்கிறான். ஹாங்க் இந்த நிலைக்கு வந்ததில் வால்ட்டுக்கு ஏதோ பங்கு இருக்கிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் படுகிறது. அதற்குக் கூலியாக அவன் பணத்தை அவன் கையாலேயே கொடுக்கவைக்கிறாள்.

அதே பணம்தான் பின்னாடி ஹாங்கின் கழுத்தில் சுருக்காக விழுகிறது. 1,77,000 டாலர். ஹாங்க் மேலேயே பழியைப் போட்டு எடுத்த பொய் வாக்குமூல வீடியோவில் வால்ட் அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறான். தங்கை புருஷனை நடக்கவைக்கக் கொடுத்த பணம், அவன் வாயை அடைக்கிற பணமாகிவிட்டது. அவள் அன்றைக்கு இதை எப்படி அறிந்திருக்க முடியும்?

---

தாழ்வாரம்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையைப் படித்ததும் எழுதவேண்டும் போலத் தோன்றியது.

என் கணவருக்குக் கடன் இருந்தது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் தெரியும். துவைக்கப் போட்ட சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். பிரித்தால் என் கையெழுத்து. நான் போட்டதே இல்லை. அன்றைக்கு ராத்திரி அவரை எழுப்பிக் கேட்கவில்லை. காகிதத்தை மறுபடி அதே மாதிரி நாலாக மடித்து வைத்தேன். குழந்தைக்கு மறுநாள் பரீட்சை. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்தது, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அது முடியட்டும். இப்படியே பதினோரு மாதம் போனது. அந்தப் பதினோரு மாதத்தில் இன்னும் இரண்டு இடத்தில் என் பெயரில் கடன் ஏறிவிட்டது. அந்த இரண்டும் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். தெரிந்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விட்டுட்டுப் போகணும், இல்ல போலீஸ்கிட்ட சொல்லணும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வெளியே நிற்கிறவர்களுக்கு அது இரண்டு கதவு. உள்ளே இருக்கும்போது கதவு கண்ணில் படவே படாது தம்பி. நாளைக்குக் காலை டிபனுக்கு என்ன, ஸ்கூல் பஸ் எத்தனை மணிக்கு, இதுதான் கண்ணில் படும். ஸ்கைலர் குளத்தில் இறங்கிய காட்சியை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

---

கடைசிவரிசை

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு என்ன சொல்றதுன்னு தெரியல. நான் எழுதினது உங்களை நினைச்சு இல்ல. மன்னிச்சுக்குங்க. அந்த ரெண்டு கதவு வரியை வாபஸ் வாங்கிக்கிறேன்.

---

மழைக்கால்

குளத்துக் காட்சி பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஐந்தாவது சீசன், நான்காவது எபிசோடு. வால்ட்டுக்கு 51 வயசு. முதல் எபிசோடில் அவனுடைய 50ஆவது பிறந்தநாளுக்குத் தட்டில் பேக்கனை 50 என்று வடிவமாக வைத்துக் கொடுத்தவள் ஸ்கைலர். ஒரு வருஷம் கழித்து மகன் ஞாபகப்படுத்திய பிறகு, ஒரு துண்டை எடுத்து உடைத்து 51 ஆக்கி வைக்கிறாள். அந்த விரல்களைப் பாருங்கள். ஒரே ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது என்பதே அங்கேதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு ராத்திரி எல்லோர் முன்னாலும் உடுத்திய உடையோடு நீச்சல்குளத்தில் இறங்குகிறாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிள்ளைகளைக் கொஞ்ச நாள் ஹாங்க் வீட்டில் வைத்திருக்கலாம் என்று மரீ சொல்கிறாள். அதற்காகத்தான் அவள் இறங்கினாள். பெற்ற பிள்ளைகளை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுக்க, தன்னைப் பைத்தியக்காரியாகக் காட்டிக்கொண்டாள்.

பிறகு படுக்கையறையில் வால்ட் கேட்கிறான், உன் அடுத்த திட்டம் என்ன என்று. அவள் சொல்கிற ஒவ்வொரு வழியையும் அடைத்துக்கொண்டே வருகிறான். கடைசியில் என்னிடம் எந்த மந்திரமும் இல்லை என்கிறாள். நான் ஒரு கோழை, போலீஸிடம் போக முடியாது, உன்னை வீட்டுக்கு வெளியே வைக்க முடியாது, என் படுக்கைக்கு வெளியேகூட வைக்க முடியாது. காத்திருக்கத்தான் முடியும். எதற்காக என்று கேட்கிறான். புற்றுநோய் திரும்பி வருவதற்காக என்கிறாள்.

நிலாமுற்றம் சொல்கிற அவகாசக் கணக்கை அவளே வாய்விட்டுச் சொன்ன இடம் இது.

---

நிலாமுற்றம்

@மழைக்கால், நன்றி. அந்தக் காட்சியைப் பற்றி எழுதத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன், எழுத வரவில்லை.

அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த எபிசோடு முடிவதற்குள் வால்ட் ஒரு கைக்கடிகாரத்தைக் காட்டுகிறான், அவனோடு சேர்ந்து போதைமருந்து காய்ச்சுகிற ஜெஸ்ஸி கொடுத்த பிறந்தநாள் பரிசு. இதைக் கொடுத்தவனும் கொஞ்ச நாள் முன்னால் நான் சாகவேண்டும் என்று நினைத்தவன்தான், மனசு மாறிவிட்டான், நீயும் மாறுவாய் என்கிறான். ராத்திரி அந்தக் கடிகாரம் டிக் டிக் என்று அடிக்கிற சத்தத்தோடு எபிசோடு முடிகிறது. அவள் காத்திருக்கிற காலத்தை அவன் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

@தாழ்வாரம், உங்கள் பதிவை நாலைந்து தடவை படித்தேன். நாலாக மடித்து வைத்தேன் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. எழுதியதற்கு நன்றி அக்கா.

---

அரைத்தூக்கம்

எல்லாரும் ஒரே பக்கம் சாய்ற மாதிரி இருக்கு, அதனால நான் இந்தப் பக்கம் வரேன். ஸ்கைலரை எனக்குப் பிடிக்கும். ஆனா மூணு இடத்துல அவளைக் காப்பாத்த முடியாது.

ஒண்ணு, ஆஸ்பத்திரி. வரி பாக்கி கட்டச் சொல்லி டெட்டுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல குடுத்தா. அவன் கட்டல. சாலோட ஆட்கள் போய் மிரட்டி செக்குல கையெழுத்து வாங்கினாங்க. தப்பிச்சு ஓடினவன் கம்பளம் தடுக்கி விழுந்து மண்டை உடைஞ்சது. அதுவரைக்கும் சரி, விபத்துன்னு வைச்சுக்கலாம். அவனைப் பார்க்கப் போறா. தலையைச் சுத்திக் கம்பி மாட்டிப் படுத்துக் கிடக்கிறான், பயத்துல நடுங்கிகிட்டே, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு சொல்றான். அழுதுகிட்டே உள்ள போனவ, ஒரு நிமிஷம் யோசிச்சு, "நல்லது"ன்னு சொல்றா. அந்த ஒரு நிமிஷத்துல என்ன நடந்தது? தன் மேல பயம் இருக்குன்னு தெரிஞ்சதும் அதைப் பயன்படுத்திக்கிட்டா.

ரெண்டு, ஹாங்க் அவளை ஹோட்டல்ல சந்திச்சுப் பேசுன்னு கெஞ்சினப்போ பேசாம எழுந்து போனது. அன்னிக்கு வாய் திறந்திருந்தா ஹாங்க் உயிரோட இருந்திருக்கலாம்.

மூணு, ஜெஸ்ஸி. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஒருத்தன்தானேன்னு கேட்கிறா. வால்ட்டே அதிர்ச்சி ஆகிறான். அங்க அவகாசமும் இல்ல, தாயோட கணக்கும் இல்ல. ஒரு பையனைக் கொல்லச் சொல்றா.

---

நிலாமுற்றம்

@அரைத்தூக்கம், நீங்கள் கேட்டது நியாயமான கேள்விகள். இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஹாங்க் அவளைக் கூப்பிட்டது பேசுவதற்கு, அவள் அப்படித்தான் நினைத்து வந்தாள். உட்கார்ந்ததும் டேபிள் மேல் ரெக்கார்டரை வைக்கிறான். வக்கீல் வேண்டும் என்கிறாள், வேண்டாம் என்று பேசிப் பார்க்கிறான். ஹாங்க் நல்லவன்தான், ஆனால் அந்த மேஜையில் அவன் உட்கார்ந்திருந்தது கேஸ் பிடிக்கிற அதிகாரியாக. அவள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமே அவளையும் சேர்த்து ஜெயிலுக்கு அனுப்பும். அதற்கு அவனால் ஒரு உத்தரவாதமும் தர முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, புற்றுநோய் திரும்பிவிட்டது என்பதை அவள் முதன்முதலில் கேட்பது அந்த மேஜையில்தான். வால்ட் சொல்லியிருக்கவில்லை, ஹாங்க் வாயிலிருந்து வருகிறது. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று குளத்தில் இறங்கிய ராத்திரி அவள் சொன்னாளோ, அது வந்துவிட்டது. ஹாங்க் அதையே காரணமாகச் சொல்லி அவசரப்படுத்துகிறான், அவன் செத்துத் தப்பிவிடுவான் என்று. அவளுக்கு அதே செய்தி நேர் எதிராகக் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நாள்தான், இத்தனை நாள் தாங்கியாயிற்று. அப்புறம் கடை முழுக்கக் கேட்கும்படி, என்னைக் கைது செய்கிறாயா என்று கத்திவிட்டு வெளியே ஓடுகிறாள். அந்த ஓட்டத்தில் எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை.

அன்றைக்கே வீட்டில் வால்ட் குளியலறையில் விழுந்து கிடந்து எழுந்ததும் கேட்கிறான், நோய் திரும்பியதில் உனக்குச் சந்தோஷமா என்று. கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தேன் என்றே ஞாபகம் இல்லை என்கிறாள். காத்திருந்தது கைக்கு வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் மிச்சம் இல்லை.

ஆஸ்பத்திரி காட்சி. அந்த "நல்லது" என்ற வார்த்தைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். உள்ளே போகும்போது மனுஷியாகப் போனாள், வெளியே வரும்போது வால்ட்டின் பெண்டாட்டியாக வந்தாள். ஆனால் அதற்கப்புறம் அவளைப் பாருங்கள். நாள் கணக்கில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. வால்ட் ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் இன்னும் நிமிர்ந்து நடந்தான். இவள் ஒரு வார்த்தைக்குப் பிறகு விழுந்தாள்.

ஜெஸ்ஸி விஷயத்தை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்கிற மனநிலைக்கு வந்துவிட்டாள். அதற்கு நான் காரணம் தேடலாம். ஜெஸ்ஸியை அவளுக்குத் தெரியாது, வீட்டுக்குள் பெட்ரோலை ஊற்றியவன் என்று மட்டும்தான் தெரியும், பிள்ளைகள் தூங்குகிற வீடு. இதையெல்லாம் அடுக்கினாலும் அந்த வரி அப்படியே நிற்கிறது. நீங்கள் சொன்னது சரி. அவகாசத்துக்கு ஒரு மனுஷ உயிரை விலையாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட இடம் அது. அங்கே நான் அவள் பக்கம் நிற்கவில்லை.

---

பேரேடு

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. வால்ட்டைப் பார்த்து "எவ்வளவு போதும்?" என்று கேட்டவள் அவள்.

இரண்டாவது சீசன் தொடக்கத்தில் வால்ட் கணக்குப் போடுகிறான், படிப்பு, வீட்டுக்கடன், செலவு எல்லாம் சேர்த்து 7,37,000 டாலர். அது வந்தால் நிறுத்திவிடலாம். ஐந்தாவது சீசனில் ஸ்கைலர் அவனை ஒரு வாடகைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். போர்வையை விலக்கினால் கட்டில் உயரத்துக்குப் பணம். எவ்வளவு என்று கேட்கிறான். தெரியாது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்கிறாள். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து அடித்திருக்கிறாளாம். நூறு கார் வாஷ் வைத்தாலும் இதை வெள்ளையாக்க முடியாது, இந்தக் குவியல் இன்னும் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்கிறாள். பிள்ளைகள் திரும்ப வேண்டும், பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்கிறாள்.

காசுக்காகக் கூட்டுச் சேர்ந்தவள் எண்ணுவதை நிறுத்தமாட்டாள். இதை என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். அந்தக் காட்சிக்குப் பிறகுதான் வால்ட் தொழிலை விடுகிறான். வேறு யாரால் அவனை நிறுத்த முடிந்தது?

---

மழைக்கால்

அதே மாதிரி நான்கு மாநில எல்லை. நான்காவது சீசன். கதவைத் தட்டுகிறவனே நான்தான் என்று வால்ட் அவளிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசிய அதே எபிசோடு. எல்லோரும் அந்த வசனத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அதற்கப்புறம் எங்கே போனாள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

கைக்குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டு நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா, அரிசோனா நான்கும் சந்திக்கிற இடத்துக்குப் போகிறாள். நாணயத்தைச் சுண்டுகிறாள். கொலராடோ பக்கம் விழுகிறது. மறுபடி சுண்டுகிறாள். மறுபடியும் கொலராடோ. போய்விடு என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு காலை நீட்டி, செருப்பு நுனியால் அந்த நாணயத்தை நியூ மெக்சிகோ பக்கம் இழுத்துவிடுகிறாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்து, இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவனிடமிருந்து இந்தக் குடும்பத்தை யாராவது காப்பாற்றவேண்டும் என்கிறாள்.

---

கடைசிவரிசை

நேத்து ராத்திரி மூணாவது சீசன்ல இருந்து மறுபடி போட்டேன். போலீஸ் வர்ற காட்சியை ரெண்டு தடவை பார்த்தேன். முதல்ல பார்த்தப்போ நான் வால்ட் பக்கம் இருந்திருக்கேன், "அப்பாடா, காட்டிக்குடுக்கல"ன்னு நிம்மதியா இருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இந்தத் தடவை அவ கழுத்து நரம்பைத்தான் பார்த்தேன்.

அந்த நடிகையைப் பத்தி ஒரு விஷயம் படிச்சேன். அன்னா கன். 2013 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ்ல கட்டுரை எழுதியிருக்காங்க. ஸ்கைலர் மேல இருந்த வெறுப்பு கடைசியில தன் மேலயே திரும்பி, கொலை மிரட்டல் மாதிரி பதிவு வரைக்கும் போச்சுன்னு. அடுத்த மாசமே அந்த வேடத்துக்காக எம்மி விருது வாங்கினாங்க, 2014லயும் வாங்கினாங்க. நான் அந்த வெறுப்புக் கூட்டத்துல இருந்தவன் இல்ல. ஆனா ஸ்கைலரைத் திட்டுற பக்கத்துப் படங்களுக்கு லைக் போட்டிருக்கேன்.

டெட் ஆஸ்பத்திரி காட்சியில இன்னும் எனக்கு மனசு ஆறல. அது அப்படியே இருக்கட்டும்.

---

தாழ்வாரம்

கடைசி எபிசோடில் அவள் இருக்கும் வீட்டைப் பார்த்தீர்களா? சின்ன சமையலறை, கையில் சிகரெட், தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். கேமரா மெல்ல முன்னால் போகும்போதுதான் தெரிகிறது, தூணுக்குப் பின்னால் வால்ட் நின்றுகொண்டிருக்கிறான். ஐந்து நிமிஷம் என்கிறாள்.

குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று இன்னொரு தடவை சொல்லிவிடாதே என்கிற மாதிரி அவனைத் தடுக்கிறாள். அப்போதுதான் அவன் ஒத்துக்கொள்கிறான், எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று. என் வீட்டில் அந்த வாக்கியம் இன்னும் வரவில்லை.

---

நிலாமுற்றம்

அந்தக் காட்சியில் அவன் கிளம்பும் முன், குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கிறான். அவள் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். தொட்டிலில் ஹோலி தூங்குகிறாள். அவன் தலையைத் தடவுகிறான். மகன் ஸ்கூலிலிருந்து வருவதைத் தூரத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான், மகனுக்குத் தெரியாது.

இந்தத் தடவை அவகாசத்தைக் கொடுத்தவள் அவள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்: ஐந்து நிமிஷம்.